மூன்று பேருக்கும் நாற்பது

நான் ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பர். கையுறை, பஞ்சு, படுக்கை விரிப்பு, தலையணை உறை, எது வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும். ஸ்டோர் வாசலில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பெரிய டாக்டர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார். எதையும் ஒன்று இரண்டாக வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. டஜன்தான். சைஸ் என்று பத்து விதமாகப் பிரித்து வாங்கினால் எது தீர்ந்தது எது மிச்சம் என்று பார்ப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். அதனால் நடுவாந்தரமாக ஒரு சைஸைப் பிடித்து எல்லோருக்கும் அதையே தள்ளிவிடுவேன். யாராவது முணுமுணுத்தால் "போட்டுக்கிட்டே இருங்க, பழகிடும்" என்பேன். அவர்களும் பழகிக்கொள்வார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இது என் கடைசித் தங்கச்சியின் கதை. இதில் தப்புச் செய்தது நான்.

நாங்கள் அக்கா தங்கச்சி மூன்று பேர். எனக்கு வேலை கிடைத்த ஐந்தாம் வருஷம் அம்மா, "இனிமே உள்ளாடை சமாச்சாரமெல்லாம் நீயே பாத்து வாங்கிக் குடு, எனக்குக் கடைக்காரன்கிட்டக் கேக்கவே கூச்சமா இருக்கு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். எனக்கு என்ன கூச்சம்? மொத்த வியாபாரியிடம் போனேன். "என்ன சைஸும்மா?" என்றான். மறுநாள் ஸ்டோரில் இருந்த டேப்பை எடுத்து என்னையே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். நாற்பது. அக்கா தங்கச்சிகள்தானே, ஒரே வார்ப்புத்தானே என்று மூன்று பேருக்கும் நாற்பது, ஆளுக்கு அரை டஜன். அன்றிலிருந்து வருஷா வருஷம் ஜனவரியில் மூன்று பாக்கெட். கல்யாணமாகி வெளியூர் போன நடுவளுக்குப் பார்சலில் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

அளந்த அன்று கடுங்குளிர். ஸ்வெட்டருக்கு மேலேயே அளந்தேன். அதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கடைசித் தங்கச்சிக்கு நாற்பத்தோரு வயது. படகுத்துறையில் டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பத்தொன்பது வருஷம். ஊரே அவளை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிடும். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மரச்சட்டம் மாட்டியிருக்கும். பயணிகள் கொண்டுவரும் பெட்டி அந்தச் சட்டத்துக்குள் நுழைந்தால் இலவசம், நுழையாவிட்டால் லக்கேஜ் டிக்கெட். சட்டமே அவளுக்குத் தேவையில்லை. தூரத்தில் வரும்போதே, "அண்ணே, அந்த நீலப் பெட்டி நுழையாது, டிக்கெட் எடுத்துடுங்க" என்று மைக்கில் சொல்லிவிடுவாள். சண்டை போட்டுச் சட்டத்தில் திணித்துப் பார்ப்பவர்கள் தோற்றுப்போய்த் திரும்பி வருவார்கள். இவ்வளவு கச்சிதமாக ஊரார் பெட்டியை அளக்கிறவள், தன்னை ஒருநாளும் அளந்ததில்லை. அக்கா வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு முன்பக்கம் கொஞ்சம் தாராளம். வீட்டில் அது ஒளிவுமறைவில்லாத சங்கதி. அவளே அதை லக்கேஜ் என்றுதான் சொல்வாள். மாடிப்படி வேகமாக இறங்கும்போது இரண்டு கையையும் குறுக்காகக் கட்டிக்கொண்டு இறங்குவாள். பஸ்ஸைப் பிடிக்க ஓட மாட்டாள், அடுத்த பஸ்ஸில் வருவாள். எங்களுக்கு அதெல்லாம் சாதாரணமாகப் போய்விட்டது.

ஒருநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி ஸ்டோருக்கே வந்து, என் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். படகு கம்பெனி அறிவிப்பு. படகு நடத்துநர் வேலை, இரண்டு இடம். ஏற்கெனவே கம்பெனியில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. ஒரே நிபந்தனை, ஆறு வாரத்தில் நீச்சல் பரீட்சை: இருபத்தைந்து மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், இரண்டு நிமிஷம் மிதக்க வேண்டும்.

"நான் எழுதிப் போட்டுட்டேன்க்கா" என்றாள்.

"உனக்கு நீச்சல் தெரியாதேடி."

"தெரியாது. கத்துக்கப் போறேன். ஒரு நாளைக்குப் பதினோரு தடவை அந்தப் படகு கிளம்புறதை ஜன்னல் வழியாப் பாக்குறேன். எல்லாருக்கும் டிக்கெட் குடுத்து அக்கரைக்கு அனுப்பிட்டு நான் அந்தப் பொந்துக்குள்ளயே உக்காந்திருக்கேன். இந்தத் தடவை விட்டா அடுத்த ஆளெடுப்பு எப்பன்னு யாருக்கும் தெரியாது. அதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிடும்."

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் காகிதத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கி, மடித்து, கைப்பையின் உள்ஜிப்பில் பத்திரப்படுத்திய விதம் எனக்கு என்னவோ செய்தது.

முதல் வகுப்புக்கு நானும் கூடப் போனேன். ஊர் நீச்சல்குளத்தில் காலை ஆறு மணி, பெண்களுக்கு மட்டும். டீச்சர் ஒல்லியாக, குள்ளமாக, கழுத்தில் விசிலோடு இருந்தாள். என் தங்கச்சி உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்த கோலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பிரா. இரண்டும் என் அரை டஜன் பாக்கெட்டில் வந்தவை. அதன்மேல் அவள் புருஷனுடைய கறுப்பு டீ சர்ட், கீழே முழங்கால்வரை ஒரு கால்சட்டை. டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்துக்கொண்டாள்.

தண்ணீரில் இறங்கியதும் டீ சர்ட்டுக்குள் காற்றுப் புகுந்து அவள் தலைக்குப் பின்னால் கூடாரம்போல எழும்பி நின்றது. அதை அமுக்கினால் முன்னால் எழும்பியது. முன்னால் அமுக்குவதற்குள் உள்ளே ஒரு பிராவின் கொக்கி விட்டுப்போனது. அவ்வளவுதான், இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு குளத்தின் நடுவில் நின்றுவிட்டாள். டீச்சர் நீட்டச் சொன்னால் ஒரு கையை நீட்டுவாள், அடுத்த கை காவலுக்கு நிற்கும்.

வகுப்பு முடிந்து டீச்சர் கரையில் உட்கார்ந்து பேசினாள். "அக்கா, உங்களுக்குத் தண்ணி பயமே இல்ல. அது பெரிய விஷயம். ஆனா கையைக் கட்டிக்கிட்டு யாரும் இதுவரைக்கும் நீந்தினது கிடையாது. உங்க ரெண்டு கையும் எனக்கு வேணும். அதுகளைத் தாங்குற வேலையை உடுப்புதான் பாக்கணும், கை பாக்கக் கூடாது. நல்லாத் தாங்குற ஸ்விம் சூட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"அது என் பொறுப்பு" என்றேன் நான். வாங்குவது என்று வந்துவிட்டால் எனக்குக் கையும் காலும் பரபரக்கும்.

அன்று மத்தியானமே மொத்த வியாபாரிக்குப் போன் போட்டேன். அவனிடம் நீச்சலுடையும் இருந்தது. நாற்பது உண்டா என்றேன். உண்டு, நாற்பத்து நாலும் உண்டு என்றான். யோசித்தேன். தாராளமான உடம்பு, தாராளமான துணி, இறுக்கம் இல்லாமல் வசதியாக இருக்கட்டும் என்று நாற்பத்து நாலே வாங்கினேன். கறுப்பு. கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி.

இரண்டாவது வகுப்பில் அவள் குளத்தில் இறங்கினாள், நெஞ்சுப்பக்கத்தின் வழியாகத் தண்ணீரும் அவளோடு உள்ளே இறங்கியது. குளத்துத் தண்ணீரில் பாதியை அவள் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு நீந்தப் பார்த்தாள். நனைய நனையத் துணி இன்னும் தொளதொளத்தது. பாரம் முழுக்கக் கழுத்து முடிச்சில் தொங்கியதில் பத்தே நிமிஷத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் போய்விட்டது. ஏணியைப் பிடித்து ஏறும்போது உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. குளத்தில் இருந்த ஏழெட்டுப் பெண்களும் சிரித்துவிட்டார்கள். என் தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள். உடை மாற்றும் அறைக்குள் போய் வெகுநேரம் அவள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினால், "வரேன்க்கா, கழுத்து வலிக்குது, அவ்வளவுதான்" என்றாள். அழுத குரல் எனக்குத் தெரியாதா?

வீட்டில் அவள் புருஷன் கழுத்துக்குத் தைலம் தடவிக்கொண்டே என்னிடம், "அண்ணி, நீங்க கோவிச்சுக்கலைன்னா ஒண்ணு சொல்றேன். இதுக்குன்னே அளவெடுத்துக் குடுக்குற கடை இருக்காமே, டீச்சர் சொன்னாங்களாம். அங்க போய்ப் பாக்கலாமே" என்றார். கோவிச்சுக்கிறதாவது, எனக்குக் காதுவரை எரிந்தது. இருபத்தேழு வருஷம் ஆஸ்பத்திரிக்கே வாங்கிப் போடுகிறவளுக்கு ஒரு நீச்சலுடை வாங்கத் தெரியவில்லை என்று இந்த மாப்பிள்ளை வாயால் கேட்க வேண்டியதாயிற்று. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பரீட்சைக்கு நாலரை வாரம் இருந்தது.

சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனோம். கடைத்தெருவின் கடைசியில், சாவி போடுகிறவனுக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில், குறுகலான படி ஏறி மேலே போக வேண்டும். உள்ளே கழுத்தில் டேப்போடு ஓர் அம்மா. எங்கள் வயதுதான் இருக்கும். என் தங்கச்சியை மேலும் கீழும் பார்க்கவில்லை, ஒரே ஒரு தடவை தோளை மட்டும் பார்த்தார். சட்டையின் கழுத்தோரம் பட்டை அழுத்திய பள்ளம் தெரிந்தது.

"இந்தப் பள்ளம் எத்தனை வருஷமா இருக்கு?"

"எல்லாருக்கும் இருக்குமே" என்றாள் தங்கச்சி.

"இருக்காது. உள்ள வாங்க. அக்காவும் வாங்க, இடம் இருக்கு."

இடம் இல்லை. மூன்று பேரும் ஒரு நாற்காலியும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். அந்த அம்மா நெஞ்சுக்குக் கீழே விலாவைச் சுற்றி இறுக்கமாக ஓர் அளவு எடுத்தார். முப்பத்தாறு. அப்புறம் நெஞ்சின் நிறைவான இடத்தில் தளர்வாக ஓர் அளவு. நாற்பத்து நாலு. ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

"நீங்க போடுறது?"

"நாற்பது. சாதாரணக் கப்."

"கீழ நாலு அங்குலம் தொளதொளன்னு இருக்கு, மேல இடமே பத்தலை. அதான் பாரம் பூராவும் தோள்ல தொங்குது. தாங்க வேண்டியது தோள் இல்லம்மா, இந்த அடிப்பட்டை. இது சிக்குன்னு நின்னாத்தான் மேல எல்லாம் நிக்கும். உங்களுக்கு முப்பத்தாறு, ஜி."

ஏ, பி, சி, டி எனக்குத் தெரியும். அதற்கு மேலும் எழுத்துக்கள் போகும் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், "நாற்பதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? எந்தப் பாவி?"

கண்ணாடியில் என் தங்கச்சியின் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. அவள் சட்டென்று, "ஏதோ கடையில குடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷம். எத்தனை பாக்கெட். தோளில் அந்தப் பள்ளம். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அந்தப் பாவி நான்தாங்க" என்றேன். "என்னை அளந்து மூணு பேருக்கும் வாங்கினேன். அதுவும் ஸ்வெட்டருக்கு மேல அளந்தேன்."

தங்கச்சி, "ஸ்வெட்டருக்கு மேலயா!" என்று கத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அப்ப உனக்கும் சரியில்லையா? இத்தனை வருஷமா நம்ம மூணு பேரும் அந்த ஸ்வெட்டர் சைஸையா போட்டுக்கிட்டிருந்தோம்?" அளவெடுத்த அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. டேப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே டேப்பை என்னைச் சுற்றிப் போட்டார். என்னுடையது முப்பத்து நாலு, எஃப். நானும் எஃப். ஐம்பது வயதில் எனக்கு இது தெரிய வந்தது. என் அளவையும் அதே சீட்டில் கீழே எழுதினார்.

அப்புறம் நடந்தது திருவிழாக் கூத்து. நீச்சலுடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்தார். முதலாவதில் உள்ளே பஞ்சுத் திண்டு மட்டும் இருந்தது. "இது பாக்க அழகு, தண்ணியில திண்டு தனியா மிதந்து கழுத்துக்கு வரும், வேண்டாம்." இரண்டாவதில் நெஞ்சு சரியாக இருந்தது, ஆனால் நிமிர்ந்தால் தோளை இழுத்துக் கீழே குனிய வைத்தது. "உடம்பு நீளம் பத்தலை. நீளம் குறைஞ்சா மேல நிக்காது, கீழ இழுக்கும்." மூன்றாவதைத் தங்கச்சிக்கு மிகவும் பிடித்தது, கழுத்து முடிச்சு. நானே பிடுங்கித் தூரப் போட்டேன்.

நாலாவது மாட்டியது. உள்ளே தனியாக ஒரு கட்டு, வளைந்த கம்பியோடு, முதுகில் கொக்கியோடு. அகலத் தோள்பட்டை, கூட்டிக் குறைக்கலாம். முன்னால் வலைத்துணி வைத்துத் தைத்திருந்தது. கழுத்து நன்றாக மேலே ஏறியிருந்தது. மாட்டுவதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது. "இறுக்கமா இருக்கே" என்று அவள் மூச்சு வாங்கினாள்.

"இருக்கணும். காய்ஞ்சிருக்கறப்ப இறுக்கமா இருந்தாத்தான் நனைஞ்சதும் சரியா வரும். மூச்சு முட்டுதா?"

"முட்டலை."

"அப்ப கையைத் தூக்குங்க. குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுற மாதிரி பண்ணுங்க. இப்பக் குதிங்க."

"குதிக்கவா?"

"குதிங்கம்மா!"

அவள் வழக்கம்போல இரண்டு கையையும் குறுக்கே கட்டிக்கொண்டு ஒரு சின்னக் குதி குதித்தாள். அந்த அம்மா இரண்டு கையையும் பிரித்துவிட்டார். மறுபடி குதித்தாள். அப்படியே நின்று, கீழே குனிந்து தன்னையே பார்த்தாள். எதுவும் நகரவில்லை. இன்னும் உயரமாகக் குதித்தாள். நகரவில்லை. அப்புறம் யாரும் சொல்லாமலே குதித்தாள், தொம் தொம்மென்று, கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு. பலகைத் தரை அதிர்ந்தது. எனக்கும் என்ன வந்ததோ தெரியவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் குதித்தேன். கீழேயிருந்து கண்ணாடிக் கடைக்காரர், "மேல என்னங்க? என் கண்ணாடியெல்லாம் ஆடுது!" என்று கத்தினார். "நீச்சல் பழகுறோம்!" என்று பதிலுக்குக் கத்தினாள் என் தங்கச்சி.

ஒரே ஒரு சங்கடம். அந்த அளவில் கறுப்பு இல்லை. இருந்தது ஒன்றே ஒன்று, கண்ணைப் பறிக்கிற மஞ்சள்.

"கறுப்புன்னா ஒல்லியாக் காட்டும்டி. எல்லாரும் உன்னையே பாப்பாங்க" என்றேன்.

அவள் குதிப்பதை நிறுத்தினாள். "இதையேதான் நீ அன்னைக்கும் சொன்னே. எனக்கு இருபது வயசு. குளத்துல சேரணும்னு ஃபாரம் வாங்கிட்டு வந்தேன். 'உனக்கு எதுக்குடி நீச்சல், எல்லாரும் உன்னையே பாப்பாங்க'ன்னே. கிழிச்சுப் போட்டுட்டேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. நான் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தை, அவள் இருபத்தோரு வருஷம் கரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

"மஞ்சளே பில் போடுங்க" என்றேன் அந்த அம்மாவிடம். அவர் பையில் போட்டுக் கொடுக்கும்போது, "கழட்டினதும் நல்ல தண்ணியில அலசி நிழல்ல போடணும். மெஷின்ல போட்டீங்க, உங்க வீட்டுக்கே வந்து கேப்பேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரே மணி நேரத்தில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நீச்சல் ஏதோ சுலபமாக வந்துவிடவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறியது, கால் இழுத்தது, மிதக்கச் சொன்னால் முழுகினாள். ஆனால் இரண்டு கையும் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். ஒரே ஒரு குறைதான் சொன்னாள். "பயந்துட்டா மட்டும் கை தானா நெஞ்சுக்கு வந்துடுது. பழைய பழக்கம். பரீட்சையன்னைக்கு அது வராம இருக்கணும்."

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. நாலு பேர் வந்திருந்தார்கள். மற்ற மூன்று பேருக்கும் முப்பது வயது தாண்டியிருக்காது. கம்பெனியின் பழைய கேப்டன் ஒருவர் கையில் ஸ்டாப் வாட்சோடு குளத்தோரம் நின்றார். காலை ஊன்றக் கூடாது, சுவரைத் தொடக் கூடாது, நின்றுவிட்டால் முடிந்தது என்று விதிகளைப் படித்தார். நானும் மாப்பிள்ளையும் பார்வையாளர் பெஞ்சில். மாப்பிள்ளை துண்டு, டீ, பன் எல்லாம் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

மிதப்பது முதலில். இரண்டு நிமிஷமும் மல்லாந்து கிடந்தாள். நான்தான் மூச்சை அடக்கிக்கொண்டு திணறினேன். அப்புறம் நீச்சல். மஞ்சளாகக் கிளம்பினாள். ஐந்து மீட்டர், பத்து, பதினைந்து. பக்கத்தில் நீந்தியவன் அடித்த தண்ணீர் அவள் வாய்க்குள் போனது. இருமினாள். அவ்வளவுதான், இரண்டு கையும் பழையபடி நெஞ்சுக்குப் போய்விட்டன. அந்த இடத்தில் குளம் ஆழம். கட்டிய கையோடு அப்படியே கீழே இறங்க ஆரம்பித்தாள்.

நான் பெஞ்சுமேல் ஏறி நின்றது எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை பிறகு சொல்லித்தான் தெரியும். "கையை விடுடி!" என்று கத்தினேன். கூரை எதிரொலித்தது. "விடுடி கையை! அது எங்கயும் போகாது! நான் பாத்து வாங்கியிருக்கேன்!"

குளத்தைச் சுற்றியிருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நடுக்குளத்தில் ஒரு மஞ்சள் முதுகு குலுங்கியது. சாகிறாள் என்று நினைத்தேன், சிரித்திருக்கிறாள். கை இரண்டும் பிரிந்தன. ஒன்று முன்னால் வந்தது, அடுத்தது வந்தது. கன்னாபின்னாவென்று தண்ணீரை அடித்துக்கொண்டு கடைசிச் சுவரில் போய் மோதினாள். மூச்சு வாங்க விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்னைத் தேடிக் கண்டுபிடித்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "யாரு... யாரு பாத்து வாங்கினது?"

"கால் ஊனலை, சுவரைத் தொடலை, பாஸ்" என்று கேப்டன் காகிதத்தில் எழுதினார். நான் ஓடிப்போய், "ஐயா, நான் கத்தினது தப்பா?" என்றேன். "கத்தக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லம்மா. இத்தனை வருஷத்துல அதுக்கு அவசியம் வரலை" என்றார்.

மாப்பிள்ளை பன்னை எடுத்து யார் யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் பாதியில் தோற்றுப்போன ஒருவனுக்கும் ஒன்று கொடுத்தார்.

அடுத்த மாதம் முதல் தேதி, அவளுடைய முதல் படகு. காலை ஏழே கால். நான் ஸ்டோரைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். இருபத்தேழு வருஷத்தில் முதல் அரை நாள் லீவு. மேல்தளத்தில் ஓர் ஓர இருக்கையில் உட்கார்ந்தேன். படகு துறையை விட்டு விலகியது. டிக்கெட் ஜன்னல் சின்னதாகிக்கொண்டே போனது. உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். நீலச் சட்டையில் என் தங்கச்சி ஓடி வந்தாள். ஓடி! ஒரு கையில் டிக்கெட் கட்டு, அடுத்த கையை வீசிக்கொண்டு.

"டிக்கெட், டிக்கெட்! எல்லாரும் டிக்கெட்டைக் காட்டுங்க!" என்று வரிசையாக வந்தவள் என் முன்னால் நின்று, என் டிக்கெட்டை வாங்கி முறையாகக் கிழித்தாள். பிறகு இடுப்புப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பையை எடுத்து என் மடியில் போட்டாள். குறுகல் படி ஏறிப்போன அந்தக் கடையின் பை.

உள்ளே நீச்சலுடை. பச்சை. இலைப்பச்சை இல்லை, கிளிப்பச்சை.

"என்னடி இது?"

"முப்பத்து நாலு, எஃப். அன்னைக்கு எழுதின சீட்டு என்கிட்டத்தான் இருக்கு. நடுவளுக்கும் டேப் அனுப்பியிருக்கேன், ஸ்வெட்டரைக் கழட்டிட்டு அளன்னு சொல்லி. உனக்குத் திங்கக்கிழமை ஆறு மணி. டீச்சர்கிட்டப் பேரு குடுத்தாச்சு."

"நானா? இந்த வயசுலயா? எல்லாரும்..."

"பாக்கட்டும்" என்றாள். "அக்கா, நீ மாடிப்படி எப்படி இறங்குவேன்னு உனக்குத் தெரியுமா? நான் யாரைப் பாத்து அப்படி இறங்கக் கத்துக்கிட்டேன்னு நினைக்கிறே?"

அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். காற்று நன்றாக வீசியது. நான் குனிந்து பார்த்தேன். என் இரண்டு கையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியிருந்தன. ஸ்டோர் வாசலில், பெரிய டாக்டர் முன்னால், மாப்பிள்ளை முன்னால், இருபத்தேழு வருஷமாக நான் அப்படித்தான் நின்றிருக்கிறேன். அதை அதிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கையை எடுத்தேன். அக்கரை வரும்வரை அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தக் காகிதப் பையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.